ஆறு நாள் ஓய்ந்த கத்தி

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தித் தொழிலாளர்கள், செல்வர் வீடுகளுக்கென்று ஒருவகைப் பெட்டியைச் செய்து அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே வெல்வெட்டு விரிப்பு. விரிப்பில் ஏழு பள்ளங்கள். பள்ளத்துக்கு ஒன்றாக ஏழு சவரக்கத்திகள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல ஏழும் ஒரே நீளம், ஒரே பிடி. ஆளடையாளம் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிழமையின் பெயரைப் பொறித்திருந்தார்கள். திங்கள் என்று எழுதிய கத்தி திங்களன்று மட்டுமே வீட்டுக்காரரின் தாடையைத் தொடும். மழித்து முடித்ததும் துடைத்துப் படுக்கவைத்தால், அடுத்த திங்கள் வரை அதற்கு உறக்கம்.

ஏன் இந்த ஏற்பாடு? சவரக்கத்திக்குக் களைப்பு வரும் என்று அக்காலத்தவர் உறுதியாக நம்பினர். நேற்று உழைத்த கத்தியை இன்றும் வருத்தினால் அது முகத்தைப் பறிக்கும். ஓய்வு கொடுத்தால் தானே தெளிந்து பழைய கூர்மையோடு எழுந்துவிடும். இப்படித்தான் நாவிதர்களும் சொன்னார்கள், அவர்களிடம் முகத்தைக் கொடுத்தவர்களும் சொன்னார்கள்.

ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்குமாறு விடுதலைப் பயண நூல் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்த ஓய்வில் பங்குபெறுவோர் பட்டியலில் மகன் உண்டு, மகள் உண்டு, அடிமை உண்டு, அந்நியர் உண்டு, கால்நடையும் உண்டு. சவரக்கத்தி இல்லை. அதற்கு ஈடுசெய்வதுபோல ஷெஃபீல்டுக் கத்தி ஒரு நாள் உழைத்து ஆறு நாள் ஓய்ந்தது! மோசேயின் கற்பலகையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்த பிராணி உலகில் இதுவொன்றாகத்தான் இருக்கும். ஞாயிறு என்று பெயர் பொறித்த கத்தியின் கதை இன்னும் மோசம். வாரம் முழுவதும் சும்மா கிடந்துவிட்டு, ஆண்டவருடைய நாளில் மட்டும் அது வேலைக்கு எழுந்தது. அது ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்திருந்தால் எந்தக் குருவானவரும் சற்றுத் திகைத்தே இருப்பார்.

கத்தியை உயிருள்ள ஒன்றாக நினைப்பது அந்தப் பெட்டிக்காரர்களின் தனிப் பைத்தியம் அன்று. ஆங்கிலத்தில் மடக்குச் சவரக்கத்தியின் உறுப்புகளைக் கேளுங்கள்: முதுகெலும்பு, தோள், குதிகால், கால்விரல், வால். தமிழில் நாமும் குறைந்தவர்கள் அல்லர். கத்திக்கு முதுகு வைத்தோம். வெட்டும் ஓரத்தை வாய் என்றோம். இரும்புத் தகட்டுக்கு அலகு என்று பறவையின் மூக்கையே கொடுத்தோம். வாயும் முதுகும் உள்ள ஒன்று ஒரு நாள் முனகத்தானே செய்யும்? செருமனியின் சோலிங்கன் நகரத் தீட்டுநர்கள் கத்தியின் இரு கன்னங்களையும் உட்குழிவாக, தாள்போல மெல்லியதாகத் தேய்த்தெடுக்கக் கற்றுக்கொண்டபின், அது முனகுவதோடு நில்லாமல் பாடவும் தொடங்கியது. முரட்டுத் தாடியின்மேல் அந்த மெல்லிய அலகு நகரும்போது எழுகின்ற ஓசையைப் ‘பாட்டு’ என்றே அத்தொழிலில் சொல்வார்கள். பாடகர்களுக்கு உரிய பிகுவும் அதற்கு உண்டு. குளிர்காலக் காலையில் வெந்நீரில் முக்கிச் சூடேற்றாவிட்டால் ஒத்துழைக்காது. ஈரத்தோடு மடக்கிவைத்தால் துருவேறிக் கோபம் காட்டும். கீழே விழுந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

காலையில் அதை எழுப்புவதற்கென்று ஒரு சடங்கும் இருந்தது. சுவரில் மாட்டிய தோல்வாரின்மேல் கத்தியை மேலும் கீழுமாக இழுப்பார் நாவிதர். இதைத் தீட்டுதல் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் தீட்டுவது சாணைக்கல்லின் வேலை. தோல்வார் செய்வது, நேற்றைய உழைப்பில் சாய்ந்துபோன நுண்ணிய ஓரத்தை நிமிர்த்தி வரிசையில் நிறுத்துவது. இதில் கத்தி எப்போதும் முதுகை முன்வைத்தே நகர வேண்டும். மறந்துபோய் வாயை முன்வைத்து இழுத்தால் தோல்வார் இரண்டாகிவிடும். தலைகோதித் தட்டிக்கொடுத்து எழுப்ப வேண்டிய பிள்ளையை உதைத்து எழுப்பினால் என்ன நடக்குமோ, அதுதான்.

இந்தப் பிராணியின் வாயை முதன்முதலில் நெருங்கிப் பார்த்து எழுதிவைத்தவர்களுள் ஒருவர் ராபர்ட் ஹூக். 1665இல் வெளிவந்த தம் ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் ஊசிமுனைக்கு அடுத்தபடியாக அவர் ஆராய்ந்தது சவரக்கத்தியின் ஓரத்தைத்தான். வெறுங்கண்ணுக்கு ஒரு கோடாகக்கூடத் தெரியாத அந்த ஓரம், நுண்பெருக்கியின்கீழ் உழுதுபோட்ட வயலைப்போல மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. நாம் கூர்மை என்று கொண்டாடியது, அருகில் போனால் கரம்பு நிலம்!

கத்திக்குக் களைப்பு வருமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் அவ்வாண்டு மழிப்புக் கத்தியின் எஃகையும் மனித மயிரையும் மின்னணு நுண்பெருக்கியின்கீழ் மோதவிட்டுப் பார்த்தார்கள். மயிர் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆயினும் அது வளைந்துகொடுத்து, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடம் ஒன்றில் சாய்வாக அழுத்தும்போது, கத்தியின் ஓரத்தில் ஒரு நுண்சில்லு தெறித்துவிடுகிறது. ஆக, கத்தி களைப்பது மெய்யே. அதைக் களைக்க வைப்பவை நம் தாடி மயிர்கள்தாம். ஆனால் தெறித்த சில்லு தெறித்ததுதான்; ஆறு நாள் அல்ல, அறுபது நாள் உறங்கினாலும் அது முளைக்காது. பெட்டிக்காரர்கள் நோயைச் சரியாகக் கண்டார்கள், மருந்தில் தவறினார்கள். ஏழு கத்திகள் இருந்ததால் ஒவ்வொன்றும் ஏழில் ஒரு பங்கு மட்டுமே தேய்ந்தது என்பதே அந்த ஓய்வின் இரகசியம்.

விவிலியத்திலும் சவரக்கத்தி சும்மா கிடக்கவில்லை. வஞ்சக நாவுக்குத் திருப்பாடல் ஆசிரியர் அதையே உவமை ஆக்கினார். நாசீர் நோன்பு காத்தவர்களின் தலைக்கு அது எட்டாக் கருவியாக நின்றது. சிம்சோனின் தலைக்கு ஒரே ஒரு நாள் எட்டியது, அதன்பின் நடந்ததை நாம் அறிவோம். எசேக்கியேலோ கூரிய வாளையே நாவிதன் கத்தியாகக் கொண்டு தம் தலையையும் தாடியையும் மழிக்கப் பணிக்கப்பட்டார். இவை எல்லாவற்றையும்விட வியப்பானது எசாயாவின் ஏழாம் அதிகாரத்தில் வரும் கத்தி. ஆண்டவர் பேராற்றுக்கு அப்பாலிருந்து ஒரு சவரக்கத்தியைக் கூலிக்கு அமர்த்துவார். அதைக் கொண்டு மக்களின் தலையையும் தாடியையும் மழிப்பார். அந்தக் கத்தி யாரென்றால் அசீரிய மன்னன்! உலகை நடுங்கவைத்த பேரரசனை இறைவாக்கினர் ஒரு நாவிதப் பைக்குள் போட்டு மடக்கிவிட்டார். அதுவும் சொந்தக் கத்தியாக அன்று, கூலிக் கத்தியாக. மூன்று அதிகாரங்கள் கழித்து அதே அசீரியனைப் பார்த்து, தன்னைப் பிடித்து வெட்டுபவனிடம் கோடரி பெருமை பேசலாமா என்றும் கேட்கிறார். இரும்புக் கருவி ஆளாகவும் ஆள் கருவியாகவும் மாறி மாறி வரும் இந்த விளையாட்டில் எசாயாவை மிஞ்ச ஷெஃபீல்டுக்காரர்களால் இயலாது.

திருச்சபையிலும் அது நெடுநாள் ஊழியம் செய்தது. குருத்துவப் பாதையில் நுழைவோரின் தலைமுடியைக் களையும் சடங்கைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் நிறுத்தும்வரை அதன் பதவி நிலைத்திருந்தது. நம் நாட்டில் அது கிளப்பிய வழக்கு தனி வகை. எவ்வளவு மழிக்கலாம் என்பதற்கு மாறாக, எதை மழிக்காமல் விடலாம் என்பதே இங்கே கேள்வி. தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியின் வழியில் திருமுழுக்குப் பெற்றவர்கள் குடுமியை வைத்துக்கொள்ளலாமா என்று கோவாவிலிருந்து உரோமை வரை வாதம் நடந்தது. 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவு அளித்தார். சவரக்கத்தியிடமிருந்து ஒரு கற்றை மயிரை மீட்கத் திருத்தந்தையின் மடல் வேண்டியிருந்தது!

இதன் பிறப்பிலும் நமக்குப் பங்கு உண்டு. நல்ல சவரக்கத்திக்கு நல்ல எஃகு வேண்டும். 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் ஷெஃபீல்டு அருகே எஃகை மூசையில் உருக்கி வார்த்துச் சீரான கட்டிகளாக்கினார். உள்ளூர்க் கத்திக்காரர்கள், இது மிகக் கடினம், அடிக்கு மசியாது என்று முகம் திருப்பிக்கொண்டார்கள். பிரான்சு நாட்டவர் வாங்கிப் புகழ்பெற்ற பின்னரே அவர்களுக்குக் கண் திறந்தது. ஆனால் மூசையில் எஃகு உருவாக்கும் கலை தென்னிந்தியக் கொல்லர்களுக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கைவந்திருந்தது. நாம் உருக்கு என்பதும் கன்னடரும் தெலுங்கரும் உக்கு என்பதும் ஆங்கிலேயர் வாயில் ‘வூட்ஸ்’ ஆயின என்பர். பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய வூட்ஸ் கட்டிகளை ஆராய்ந்து, 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் இராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அளித்தார். அந்நகரத்துக் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் தம் கடை விளம்பர அட்டையிலேயே, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய வூட்ஸையே தாம் தேர்ந்துகொள்வதாக அச்சிட்டார்.

அந்த ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து நம் உருக்கின் இரகசியத்தைத் தேடப் புறப்பட்டவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் அவர் உலகப் புகழ் பெற்றது பின்னால். 1818 முதல் சில ஆண்டுகள் அவர் கையில் இருந்தது உலையும் மூசையும். எஃகோடு பிளாட்டினம், ரோடியம், வெள்ளி என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். 500 பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்ந்தால் நல்ல கலவை ஆயிற்று. அதற்குமேல் ஊற்றினால் வெள்ளி ஏற்காமல் துளிகளாக வெளியே வியர்த்தது. கிடைத்த எஃகில் சவரக்கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்தார். பின்னர் ‘வெள்ளி எஃகு’ என்று அலகில் பொறிப்பது ஷெஃபீல்டில் வழக்கமாகப் பரவியது. எல்லாவற்றிலும் வெள்ளி இருந்ததா என்று கத்திகளைத்தான் கேட்க வேண்டும்.

இதுவரை கத்தியின் களைப்பைப் பற்றியே பேசினோம். அதைத் தேய்த்துக் கூராக்கியவருக்கும் களைப்பு வந்தது.

அடித்து, காய்ச்சி, நீரில் தோய்த்து, வைக்கோல் நிறம் வரும்வரை மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்திய அலகு, சுழலும் மணற்கல் சக்கரத்துக்கு வரும். சக்கரத்தின்மேல் குனிந்து உட்கார்ந்து தேய்ப்பவர் நாள் முழுவதும் கல்லின் பொடியையும் எஃகின் பொடியையும் மூச்சாக இழுப்பார். கல் நனைந்திருந்தால் தூசி குறையும். வறண்டிருந்தால் முகத்தின்முன் புகைமூட்டம்தான். ஷெஃபீல்டு மருத்துவர் ஆர்னல்டு நைட் இவர்களது நோயைப் பற்றி 1830இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் ஒரு கத்தோலிக்கர். அவருடைய மகன் எட்மண்ட் பின்னாளில் ஷ்ரூஸ்பரி மறைமாவட்ட ஆயரானார். நைட் கண்ட கணக்கு இது: வறண்ட கல்லில் மட்டும் வேலை செய்த முள்கரண்டித் தேய்ப்பாளர்கள் 28 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையில் இறந்தனர். ஈரக்கல்லிலும் வறண்ட கல்லிலும் மாறி மாறி வேலை செய்த சவரக்கத்தித் தேய்ப்பாளர்கள் 40க்கும் 45க்கும் இடையில் இறந்தனர். ஈரக்கல்லில் மட்டும் இருந்த மேசைக்கத்திக்காரர்களுக்கு 40 முதல் 50. இந்தக் கணக்கை 1845இல் எடுத்தாண்டவர் ஃபிரெடரிக் ஏங்கல்ஸ். நம் இதழில் அடிக்கடி வருகின்ற பெயர் அன்று. ஆனால் சாவுக் கணக்கில் கட்சி பார்ப்பதற்கில்லை.

தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகள் அப்போதே இருந்தன. தேய்ப்பாளர்களில் பலரே அவற்றை வேண்டாம் என்றார்கள். ஆட்கள் நெடுநாள் உயிரோடு இருந்தால் தொழிலில் கூட்டம் பெருகும், கூட்டம் பெருகினால் கூலி விழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். மடமை என்று நாம் கடந்துவிடலாம். ஆனால் நாற்பதில் சாவதையும் கூலி குறைந்து பிள்ளைகள் பட்டினி கிடப்பதையும் தராசின் இரு தட்டில் வைத்துப் பார்க்கும்படி அம்மனிதர்களை விட்டது யார்? வெல்வெட்டுப் பள்ளத்தில் ஆறு நாள் உறங்கிய அந்தக் கத்தியை இதன்பின் நம்மால் பழைய சிரிப்போடு பார்க்க முடியவில்லை.

கத்தியைப் பிடித்து மழித்தவரின் ஓய்வுக்கும் நீண்ட கதை உண்டு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காண்டர்பரி பேராயர் தாமஸ் அருண்டல், இலண்டன் நாவிதர்கள் ஆண்டவருடைய நாளிலும் கடை திறப்பதாக வருந்தி நகரத் தலைவர்களுக்கு எழுதினார். இக்காலத்தார் ஆன்மாவைக் கொல்லும் தண்டனையைவிட உடலையும் பணப்பையையும் தொடும் தண்டனைக்கே அதிகம் அஞ்சுகிறார்கள் என்று அவரே நொந்துகொண்டு, சபைத் தண்டனையோடு நில்லாமல் அபராதமும் விதிக்கக் கேட்டார். விதித்தார்கள். நாவிதரிடம் மட்டும் குற்றம் காண்பது எமக்குச் சரியாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகம் மழுமழுவென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் பலர். அந்த முகங்களோடு கோவில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். திருத்தந்தை பதின்மூன்றாம் லெயோ 1891இல் தொழிலாளர்பற்றி விடுத்த சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாக எடுத்துரைத்தார். இங்கிலாந்திலோ முடிதிருத்தும் கடைகளின் ஞாயிறு விடுமுறைக்கென்றே ஒரு சட்டம் வர 1930 ஆயிற்று. அருண்டலின் மடலிலிருந்து கணக்கிட்டால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல்.

அதற்குள் மடக்குக் கத்தியின் காலமே சாய்ந்துவிட்டது. 1769இல் பாரிசு நகரக் கத்திக்காரர் ழான் ழாக் பெர்ரே, தமக்குத் தாமே மழித்துக்கொள்ளும் கலையைக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். தச்சர்களின் இழைப்புளியைப் பார்த்து, கத்தியின் வாய்க்கு ஒரு காப்பு மாட்டும் யோசனை அவருடையது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்று இணைச்சட்ட நூல் விலக்கியதைத்தான் அவர் கத்திக்குச் செய்தார், முகங்கள் பிழைத்தன. பின்பு அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் வந்தார். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பொருளைக் கண்டுபிடி, வாங்கியவன் திரும்பத் திரும்ப வருவான் என்பது, சோடாப் புட்டி மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் அவருக்குச் சொன்ன புத்திமதி. 1903இல் அவர் விற்றவை 51 மழிப்பான்களும் 168 பிளேடுகளும். மறு ஆண்டில் காப்புரிமையும் வந்தது, பல்லாயிரக்கணக்கில் விற்பனையும் வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் போர்வீரர்களின் பைகளில் ஏறி அது உலகைச் சுற்றியது. தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போன கத்தி மறைந்து, சில காலைகளில் செத்துப்போகும் பிளேடு வந்தது. அதற்கு யாரும் கிழமைப் பெயர் வைப்பதில்லை. களைத்தால் எறிந்துவிடலாமே!

நம் ஊர்களில் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கி வீடு வீடாக வந்த நாவிதரிடம் மடக்குக் கத்தி இன்னும் சில காலம் தங்கியது. மழிப்பதோடு கட்டி கீறி மருந்திடுவதும் அவர் பணியாக இருந்தது. பேறுகாலம் பார்த்தவர்கள் பல ஊர்களில் அவர் வீட்டுப் பெண்கள். இதற்கெல்லாம் அறுவடைக் களத்தில் அளந்த நெல்தான் ஊதியம். ஊருக்கே மருத்துவராக இருந்தவரைப் புறவாசலில் நிற்கவைத்தவர்களில் நாமும் உண்டு. திருமுழுக்குப் பெற்ற பின்னும் நின்றவர் இடம் மாறவில்லை. குருதிவழித் தொற்றைப் பற்றிய அச்சம் 1980களின் இறுதியிலும் 1990களிலும் பரவியபோது, ஒரே கத்தியை ஊர் முகங்கள் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது மெல்ல மெல்ல நின்றது. இன்று முடிதிருத்தும் நிலையங்களில் இருப்பது பழைய கத்தியின் உருவம் மட்டும்: அதே பிடி, அதே மடிப்பு, வாயில் மாத்திரம் ஆளுக்கு ஒன்றாக மாற்றும் பாதிப் பிளேடு. பல்செட்டு கட்டிய கிழவர் என்று சொல்லத் தோன்றுகிறது. வேளாங்கண்ணியில் நேர்ச்சை முடி இறக்கும் குழந்தைகள் வீரிட்டு அழுவதும் இவரைப் பார்த்துத்தான்.

ஞாயிறு அந்நிலையங்களில் ஓய்வுநாள் அன்று. முதல் திருப்பலி முடிந்த கையோடு மகன்களை இழுத்துக்கொண்டு வரும் தந்தைமார் அங்கே நாளிதழைப் பங்கு பிரித்துப் படித்தபடி காத்திருப்பார்கள். அக்கூட்டத்தில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். இரவு வரை முடிதிருத்துநர் நின்றபடியே வேலை செய்வார். செவ்வாயன்று முடி களைவது ஆகாது என்று ஊரார் வைத்திருக்கும் நம்பிக்கையால் அன்று பல ஊர்களில் கடைக் கதவு அடைத்திருக்கும். மறையறிவுப்படி அந்த நம்பிக்கையை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் வாரத்தில் அந்த ஒரு நாள், பிளேடு கழற்றிய கத்தி மேசையில் மடங்கிக் கிடக்க, அவர் தம் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்.